வைக்காத புள்ளி: ஒன்பதாம் வகுப்பில் நேர்கோட்டு வரைபடம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழிப் பிரிவு. மாணவர்கள் 38 பேர். கணித ஆசிரியர் நான். இரு மாறிகளில் அமைந்த நேரியச் சமன்பாடுகளை வரைபடத்தாளில் வரைந்து தீர்வு காண்பது பாடம். புள்ளி குறிக்கவும் கோடு வரையவும் எட்டாம் வகுப்பிலேயே ஓரளவு பழகி வந்தவர்கள். அதனால் இதற்கு ஆறு பாடவேளை போதும் என்று திட்டம் எழுதியிருந்தேன். கடைசியில் பதினான்கு ஆயிற்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வரைபடம் என்றாலே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 8 மதிப்பெண் கேள்விதான் நினைவுக்கு வரும். 100 மதிப்பெண் வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு ஒரு எட்டு, வரைபடத்துக்கு ஒரு எட்டு. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கென்றால் ஒதுங்குகிற பிள்ளையைக்கூட இந்தப் பதினாறை வாங்க வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆகவே அட்டவணை போடு, அளவுத்திட்டம் எழுது, அச்சுகளுக்குப் பெயர் கொடு, புள்ளி வை, ஸ்கேல் வைத்து இணை என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மனப்பாடமாகப் பழக்குகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் பல வருடங்களாக இப்படித்தான் பழக்கினேன், பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

முதலில் கண்ணில் பட்டது

மூன்றாவது பாடவேளையின் முடிவில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். இரண்டே கேள்வி. முதலாவது, ஒய் = 2 எக்ஸ் + 3 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம். எக்ஸுக்கு −1, 0, 1 என்று மதிப்புகளை நானே கொடுத்திருந்தேன். (−1, 1), (0, 3), (1, 5) என மூன்று புள்ளிகளும் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் சரியாக இருந்தன.

இரண்டாவது கேள்வி ஒய் = 3 − 2 எக்ஸ். மதிப்புகள் −2, 0, 2. இங்கேதான் சறுக்கல். எக்ஸ் −2 ஆக இருக்கும்போது 3 − 2(−2), அதாவது 3 + 4, விடை 7. 11 பேர் 3 − 4 என்று போட்டு −1 எழுதியிருந்தார்கள். எக்ஸ் 2 ஆக இருக்கும்போதும் −1 தான் வரும். ஆக, அவர்களுடைய புள்ளிகள் (−2, −1), (0, 3), (2, −1). இரண்டு பக்கமும் சமமாகச் சரிந்த ஒரு கூரை. அதை ஸ்கேல் வைத்து அழகாக இணைத்து, மேலே ‘நேர்கோட்டு வரைபடம்’ என்று தலைப்பும் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் தாளைக் கொடுக்கும்போதே, “கூரை மாதிரி அழகா வந்திருக்கு சார்” என்றான். இன்னும் நான்கு பேருக்கு நேர்கோடு வர வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. அவர்கள் மூன்று புள்ளிகளுக்கும் பொதுவாக எங்கோ நடுவில் ஒரு கோட்டை இழுத்துவிட்டிருந்தார்கள்.

குறி மாறிய பிழை எனக்குப் புதிதல்ல, ஒவ்வொரு வருடமும் பார்ப்பது. என்னை நிறுத்தியது வேறொன்று. வகுப்பிலேயே மிகச் சுத்தமாக வரைபடம் போடும் மாணவி ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. இரண்டு கேள்விக்கும் அவள் விடை சரி. ஆனால் முதல் கோடு (−1, 1) இல் தொடங்கி (1, 5) இல் கச்சிதமாக நின்றிருந்தது. சும்மாதான் கேட்டேன், இந்தக் கோட்டில் (4, 11) இருக்கிறதா என்று.

“இல்ல சார்.”

“எப்படிச் சொல்ற?”

“நான் அந்தப் புள்ளிய வைக்கவே இல்லையே.”

கோடு அவ்வளவு தூரம் போகாததால் அப்படிச் சொல்கிறாளோ என்று நினைத்து, எக்ஸ் அரையாக இருக்கும்போது ஒய் 4 ஆகும் இடத்தைக் காட்டிக் கேட்டேன். அவள் வரைந்த கோடு அதன் மேலேயே போகிறது. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அங்க கோடு போகுது சார். ஆனா புள்ளி இல்ல” என்றாள்.

மறுநாள் அதே கேள்வியை வகுப்பு முழுவதுக்கும் கேட்டேன். பாதிக்கு மேல் அவள் பக்கம். அவர்களுக்குக் கோடு என்பது மூன்று புள்ளிகளைக் கட்டிவைக்கும் கயிறு. கயிற்றின் ஒவ்வோர் இடமும் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு என்பது யார் மனதிலும் இல்லை. நான் சொல்லியிருந்தேன், சந்தேகமே இல்லை. கரும்பலகையில் எழுதிக்கூடப் போட்டிருந்தேன்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

ஆசிரியர் அறையில் மூத்த கணித ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “மைனஸ் பெருக்கல ஒரு நாள் உக்கார வச்சுப் போட்டா கூரை போயிடும். அந்தப் பொண்ணு பரீட்சையில எட்டுக்கு எட்டு வாங்கிடும். எதுக்கு நோண்டறீங்க?”

எனக்கு அந்த இரண்டும் தனித்தனி நோய்களாகத் தெரியவில்லை. கூரை போட்டவர்களுக்குப் பெருக்கல் தப்பியது உண்மைதான். ஆனால் வந்த உருவத்தைப் பார்த்து ஏன் ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை? எக்ஸ் ஒவ்வொரு படி நகரும்போதும் ஒய் ஒரே அளவில் இறங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், பாதி வழியில் ஏறிவிட்டுப் பிறகு இறங்கும் கோடு உறுத்தியிருக்கும். மூன்றாவது புள்ளியை எதற்கு வைக்கிறோம்? கோட்டுக்கு இரண்டு போதும், மூன்றாவது சரிபார்க்க. அந்தக் காவல்காரனையும் அவர்கள் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் பழைய வரலாறு ஒன்று எனக்கு உதவியது. இரண்டு தெரியாத கணியங்கள் கொண்ட ஒருபடிச் சமன்பாடு ஒரு நேர்கோட்டைத் தரும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே தெளிவாக எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா. அவர் இருந்தவரை கைப்பிரதியாகவே சுற்றிய அந்த எழுத்து, இறந்த பின் 1679 இல்தான் அச்சானது. அதில் நம்முடைய அட்டவணையும் இல்லை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அச்சுகளும் இல்லை. ஒரு கிடைக்கோட்டில் ஒரு நீளம், அதன் முனையில் நிற்கும் இன்னொரு நீளம். முதல் நீளம் மாற மாற, நிற்கும் நீளத்தின் நுனி ஒரு தடத்தைப் போட்டுக்கொண்டே போகிறது. எனக்குப் பிடித்தது இந்த நகர்வு. எங்கள் பிள்ளைகளின் கோட்டில் எதுவுமே நகரவில்லை.

பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில், வரைபடம் போட்டுக் காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருள் இருக்கிறது. அதைக் கொண்டு தொடங்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். சமன்பாட்டைத் தட்டினால் கோடு முழுசாக வந்து விழுந்துவிடும். அது எப்படி உருவாகிறது என்பதுதானே இங்கே விட்டுப்போயிருந்தது. அதனால் ஒரு வாரம் அட்டவணையை நிறுத்திவைப்பது, தண்ணீர் மட்டம் ஏறுவதை அளந்து வரைவது என்று முடிவு செய்தேன். தண்ணீரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், முதல் நிமிடத்துக்கும் இரண்டாம் நிமிடத்துக்கும் நடுவிலும் மட்டம் எங்கோ இருந்தே தீரும். ‘அங்கே புள்ளி இல்லை’ என்று சொல்ல முடியாது.

வாளியில் நேர்ந்த தவறு

குழாயடிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோனோம். உள்ளே ஸ்கேலைச் செங்குத்தாக ஒட்டி, குழாயை ஒரே சீராகத் திறந்துவைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை மட்டத்தைப் படித்தார்கள். 5.2, 9.8, 13.9, 17.6 செ.மீ. வகுப்புக்கு வந்து புள்ளிகளை வைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஸ்கேலை வைத்து நேராக இழுத்துவிட்டார்கள், நேர்கோட்டுப் பாடம் அல்லவா. நானும் ‘அளப்பதில் கொஞ்சம் பிழை வரும், பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் கோடு போடாமல் உட்கார்ந்திருந்தான். கூரை போட்ட 11 பேரில் அவனும் ஒருவன். “சார், மொத நிமிஷம் 5.2 ஏறுது. அப்புறம் 4.6, அப்புறம் 4.1, அப்புறம் 3.7. கொறஞ்சுக்கிட்டே வருது. எல்லாரும் தப்பா அளந்தா கூடக்கொறச்சல்ல வரும்?” என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. வாளியின் வாய் அகலம், அடி குறுகல். மேலே போகப் போக அதே தண்ணீர் அதிக இடத்தில் பரவ வேண்டும், மட்டம் மெதுவாகத்தான் ஏறும். வரவேண்டியது வளைகோடு. குழாயடிக்குப் போகும் முன் நான் இதை ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். போன பாடவேளை வீண் என்று அப்போது தோன்றியது. ஆனால் பிற்பாடு நடந்ததற்கெல்லாம் பிடிமானம் அந்த வாளிதான். நேர்கோடு தானாக வந்துவிடாது, ஏற்றம் சமமாக இருந்தால் மட்டுமே வரும் என்பதை நான் சொல்லித் தெரியவைத்திருக்க முடியாது.

டிரம்மும் மூன்று சென்டிமீட்டரும்

அடுத்த நாள் சத்துணவுக் கூடத்தில் கேட்டு ஒரு எவர்சில்வர் டிரம் வாங்கிவந்தோம். பக்கங்கள் நேரானவை. கழுவிய தண்ணீர் அடியில் 3 செ.மீ. அளவுக்கு நின்றது. கொட்டப் போனார்கள், வேண்டாம் என்று தடுத்தேன். இந்த முறை மட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வீதம் ஏறியது. 3, 5, 7.1, 9, 10.9.

சமன்பாட்டை நான் எழுதவில்லை. இரண்டரை நிமிடத்தில் மட்டம் எவ்வளவு இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டேன். 8 என்று பல குரல்கள். பத்து நிமிடத்தில்? 23. டிரம் வழியாமல் இருந்தால், என்று ஒருத்தி சேர்த்துக்கொண்டாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதும் ‘ரெண்டால பெருக்கி மூணு கூட்டு’ என்று வந்தது. அதைப் பலகையில் எழுதியபோது ஒய் = 2 எக்ஸ் + 3 நின்றது. மூன்று நாளுக்கு முன் தேர்வில் போட்ட அதே சமன்பாடு. சில முகங்களில் ஒரு சின்ன அதிர்ச்சி தெரிந்தது.

இதற்கு முன் அந்த 2, 3 என்ற எண்களை (2, 3) என்ற புள்ளியாக வைத்தவர்கள் இருந்தார்கள். எக்ஸ் அச்சில் 2, ஒய் அச்சில் 3 என்று வைத்து இரண்டையும் இணைத்தவர்களும் இருந்தார்கள். இப்போது மூன்று என்பது குழாய் திறக்கும் முன்பே இருந்த தண்ணீர், இரண்டு என்பது நிமிட ஏற்றம். சாய்வு, வெட்டுத்துண்டு என்ற சொற்களோடு நேர்கோட்டின் சமன்பாடு பத்தாம் வகுப்பில் வரும். நான் ‘ஏற்றம்’, ‘தொடக்கம்’ என்றே சொல்லிவந்தேன்.

குறை எண் பக்கம் வந்தபோது நல்ல சண்டை. கோட்டை இடப்பக்கம் நீட்டினால் −1 க்கு நேராக 1 வருகிறது. “தப்பு சார். குழாய் தொறக்கறதுக்கு முன்னாடியும் 3 தான இருந்துச்சு?” என்றாள் ஒருத்தி. டிரம்முக்கு அவள் சொல்வதுதான் சரி, கதை பூச்சியத்தில்தான் தொடங்குகிறது. சமன்பாட்டுக்கு அந்த எல்லை தெரியாது, அது இரு பக்கமும் போகும். காலி டிரம்மில் ஒன்றரை நிமிடம் முன்னதாகவே குழாயைத் திறந்திருந்தால் பூச்சிய நேரத்தில் 3 செ.மீ. இருந்திருக்கும், கோடு எக்ஸ் அச்சை −1.5 இல் வெட்டுவதற்கு அதுதான் அர்த்தம் என்றேன். பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேர் அன்று ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அளவுத்திட்டத் தகராறு

இது எதிர்பாராமல் வந்தது. டிரம் வரைபடத்தை இரண்டு குழுக்கள் வெவ்வேறு அளவில் போட்டிருந்தன. ஒரு குழு இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு. இன்னொரு குழு ஒய் அச்சில் மட்டும் 1 செ.மீ. = 5 அலகுகள். முதல் தாளில் கோடு செங்குத்தாக ஏறியது. இரண்டாவதில் சோம்பலாகச் சாய்ந்து கிடந்தது. ‘எங்க டிரம்லதான் வேகமா நெறயுது’ என்று முதல் குழு கேலி செய்ய, மற்றவர்கள் தங்கள் தாளை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அழிக்கவிடாமல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரு நிமிடத்துக்கு மட்டம் எத்தனை ஏறுகிறது என்று படிக்கச் சொன்னேன். இரண்டிலும் 2. கண்ணுக்குத் தெரியும் செங்குத்து அளவுத்திட்டத்தைப் பொறுத்தது, ஏற்றத்தை எண்களில்தான் படிக்க வேண்டும். அளவுத்திட்டத்தை ஏன் தாளின் மூலையில் எழுதச் சொல்கிறோம் என்பதற்கு, அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு என்பதைத் தவிர வேறு காரணத்தை நான் சொன்னது அன்றுதான் என்று நினைக்கிறேன். நேரம் போனது, ஆனால் இதை வெட்ட மாட்டேன்.

அட்டவணை திரும்பியது

வாரம் முடிந்து அட்டவணைக்கு வந்தோம். ஒய் = 3 − 2 எக்ஸ் மறுபடியும். இந்த முறை கணக்கிடும் முன்பே கேட்டேன்: எங்கே தொடக்கம், ஒவ்வொரு படிக்கும் ஏறுமா இறங்குமா? 3 இல் தொடக்கம், 2 இறக்கம். அப்படியானால் இடப்பக்கம் போனால்? “ஏறணும்.” பிறகு −2 ஐப் போட்டவர்களில் சிலருக்கு மறுபடி −1 வந்தது. ஆனால் இந்தத் தடவை பேனாவை நிறுத்தி, எங்கோ தப்பு என்று தேடினார்கள். பெருக்கல் பிழை மறைந்துவிடவில்லை, கண்டுபிடிக்கப்பட்டது.

எக்ஸ் = 3 என்ற கோட்டில் மட்டும் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். (3, 0) என்ற ஒற்றைப் புள்ளியை வைத்துவிட்டு நிறுத்துவதைப் பலர் விடவில்லை. டிரம் கதையும் இங்கே உதவாது. மூன்றாம் நிமிடத்தில் மட்டம் எல்லா அளவிலும் இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

அடுத்து இரண்டு கோடுகள். 15 செ.மீ. தண்ணீர் உள்ள இன்னொரு டிரம்மிலிருந்து நிமிடத்துக்கு 1 செ.மீ. குறைகிறது என்று வைத்துக்கொண்டோம். ஒய் = 15 − எக்ஸ். இதை நிஜமாகச் செய்து காட்டவில்லை. டிரம்மின் அடியில் ஓட்டை போட்டால் மட்டம் இறங்க இறங்க ஒழுகும் வேகமும் குறையும், நேர்கோடு கிடைக்காது. ஒரு வாளி போதும் என்று இருந்தது எனக்கு. இரண்டு டிரம்மிலும் மட்டம் எப்போது சமமாகும் என்று கேட்டேன். முதலில் கை தூக்கியவள் அந்தச் சுத்தமான வரைபட மாணவி. “நாலாவது நிமிஷம் சார், 11.” சொல்லிவிட்டுத் தன் பழைய தாளை எடுத்துப் பார்த்தாள். அன்று நான் கேட்ட (4, 11) அதுதான் என்று அவளாகவே கண்டுகொண்டாள். நான் திட்டம் போட்டுத்தான் அந்த எண்களை வைத்தேன், இருந்தாலும் அவள் கவனிப்பாள் என்று நினைக்கவில்லை. அந்தத் தாளில் (1, 5) இல் நின்றிருந்த கோட்டை அங்கேயே பென்சிலால் நீட்டினாள், முனையில் ஓர் அம்புக்குறியும் போட்டாள்.

அதன்பின்

பத்து நாள் கழித்து அறிவிக்காமல் வைத்த சிறு தேர்வில் கூரை இரண்டு தாள்களில் மட்டும் வந்தது. கோட்டில் இல்லாத ஒரு புள்ளியையும், கோட்டில் இருந்தும் அட்டவணையில் இல்லாத ஒரு புள்ளியையும் கொடுத்து, எது தீர்வு என்று கேட்டதற்குப் பெரும்பாலோர் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்த்தே பதில் எழுதினார்கள்.

பள்ளித் தேர்வில் கதை வேறு. 7 பேர் அட்டவணையே போடவில்லை. தொடக்கப் புள்ளியை வைத்து, ஏற்றத்தை எண்ணி, நேரே கோட்டை இழுத்துவிட்டார்கள். கோடு சரி. ஆனால் தாள்களைத் திருத்தியவர் அந்த மூத்த ஆசிரியர். விடைக்குறிப்பில் அட்டவணைக்கும் புள்ளிகளைக் குறிப்பதற்கும் தனித்தனியாக மதிப்பெண் இருந்தது. அவர் அதன்படி வெட்டினார், வெட்டியதில் தவறு இல்லை. அதிகம் இழந்தவன் வாளியைக் கண்டுபிடித்த பையன். அவனுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அட்டவணையை ஒரு வாரம் நிறுத்தியபோது அது எதற்கு நிறுத்தம், எப்போது திரும்ப வரும், தேர்வில் என்ன எழுத வேண்டும் என்று நான் தெளிவாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் அது தேவையில்லாத சுமை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த முறை

வாளியை வைத்துத்தான் தொடங்குவேன், இந்த முறை தெரிந்தே. டிரம் இரண்டாவதாக. கூரை வந்த தாள்களைப் பெயர் மறைத்து வகுப்பில் காட்டி, இதில் எந்தப் புள்ளி பொய் சொல்கிறது என்று கேட்பேன். ‘ஏற்றமும் தொடக்கமும்’ வழியை விடையைச் சரிபார்க்கவும் அட்டவணையை எழுதிக் காட்டவும் என்று முதல் நாளே பிரித்துவிடுவேன். எக்ஸ் = 3 ஐக் கதையே இல்லாமல், எக்ஸ் இடம் 3 ஆக உள்ள புள்ளிகளை ஒவ்வொருவரும் ஒன்று வந்து பலகையில் வைக்கச் சொல்லித் தொடங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஜியோஜீப்ராவை எல்லாம் முடிந்தபின் ஒரு பாடவேளைக்கு வைத்துக்கொள்வேன். பதினான்கு பாடவேளை கிடைக்காது. ஒன்பதுக்குள் முடியும் என்பது என் கணக்கு. போன முறை ஆறு என்று போட்டவனும் நான்தான்.

மூத்த ஆசிரியர் தன் பிரிவுக்கு அந்த எவர்சில்வர் டிரம்மைக் கேட்டிருக்கிறார். வாளிப் பையன் மதிப்பெண்ணைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அவன் கேட்டது வேறு: “அந்த வாளிக்கு என்ன சமன்பாடு சார்?” பத்தாம் வகுப்பில் கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனி வெட்டிய கூம்பு, வரும்போது சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வாளியின் அடிவிட்டத்தையும் வாய்விட்டத்தையும் அளந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான்.